மலேரியா ஸ்லைடும் நாலு நம்பரும்: பரிணாமத்தைக் கணக்கு தோற்கடித்துவிட்டதா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். போன மாதம் நம் மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் ஒரு மண்டபத்தில் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ பற்றி, அதாவது உயிரின் சில அமைப்புகளை ஓர் அறிவு திட்டமிட்டுத்தான் செய்திருக்கவேண்டும் என்ற கருத்தைப் பற்றி, ஒருவர் பேசினார். ஒரு சாதாரணப் புரதம் தற்செயலாக அமைய 10-இன் 195-ஆம் அடுக்கில் ஒரு வாய்ப்புதான், இந்தப் பிரபஞ்சம் முழுவதும் சேர்ந்து முயன்றாலும் 10-இன் 150-ஆம் அடுக்கைத் தாண்டாது, ஆகவே கணக்கே பரிணாமத்தை முடித்துவிட்டது என்று திரையில் போட்டுக் காட்டினார். படிவம் 6-இல் உயிரியல் படிக்கும் உங்கள் மகள் வீட்டுக்கு வந்ததும் "அப்பா, அப்போ எங்கள் புத்தகத்தில் இருப்பதெல்லாம் பொய்யா?" என்று கேட்டிருக்கிறாள். உங்கள் அப்பா கோயிலில் தேவாரம் ஓதுகிறவர் வேறு, அவருக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டது நீங்கள்.

என் விடை ஒரே வரிதான்: அவர் போட்ட பெருக்கல் சரி, எதைப் பெருக்கினார் என்பதுதான் தப்பு. மீதியெல்லாம் அந்த வரிக்கு விளக்கம். நான் பேராசிரியர் இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து, அரசாங்க மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 29 வருடம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தவன். அதனால் என் உதாரணங்களும் அந்த இரண்டு இடத்திலிருந்துதான் வரும்.

‘அறிவார்ந்த வடிவமைப்பு’ ஓர் இயக்கமாகத் திரண்டது 1990-களில், அமெரிக்காவில். சியாட்டலில் இருக்கும் டிஸ்கவரி இன்ஸ்டிடியூட்தான் அதன் தலைமை வீடு மாதிரி. உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி 1996-இல் ஒரு புத்தகம் எழுதினார், கணிதமும் தத்துவமும் படித்த வில்லியம் டெம்ப்ஸ்கி 1998-இல் ஒன்று எழுதினார். மண்டபத்தில் நீங்கள் கேட்டதில் முக்கால்வாசி இந்த இருவருடைய சரக்கு. இவர்கள் பூமிக்கு ஆறாயிரம் வயது என்று சொல்கிற கூட்டம் இல்லை, அதைக் கவனியுங்கள். மனிதனுக்கும் குரங்குக்கும் பொது மூதாதை உண்டு என்பதையே பீஹி ஏற்றுக்கொள்கிறார். சில அமைப்புகள் மட்டும் படிப்படியாக வந்திருக்க முடியாது, அங்கே ஓர் அறிவின் கை தெரிகிறது, அவ்வளவுதான் அவர் வாதம். இதை ‘மூடநம்பிக்கை’ என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு எழுந்து போவது சோம்பேறித்தனம்.

சரி, கணக்கு. 150 எங்கிருந்து வந்தது? கண்ணுக்கெட்டிய பிரபஞ்சத்தில் அடிப்படைத் துகள்கள் 10-இன் 80-ஆம் அடுக்கு, ஒரு துகள் ஒரு வினாடியில் அதிகம் போனால் 10-இன் 45-ஆம் அடுக்குத் தடவை நிலை மாறலாம், காலத்துக்குத் தாராளமாக 10-இன் 25-ஆம் அடுக்கு வினாடி. 80, 45, 25, கூட்டினால் 150. இது டெம்ப்ஸ்கி போட்ட எல்லைக்கோடு, அதில் எனக்குச் சண்டை இல்லை. 195? 150 அமினோ அமிலம் கோத்த ஒரு புரதம், ஒவ்வோர் இடத்திலும் 20 வகையில் எதுவும் வரலாம், 20-ஐ 150 தடவை பெருக்கிக்கொண்டே போனால் அந்த எண் வரும். மகள் கால்குலேட்டரில் லாக் அழுத்திப் பார்க்கட்டும், சரியாகவே இருக்கும்.

இப்போது நம் ஊர்க் கணக்கு. ரோட்டில் லாரி கவிழ்ந்தால் லாரிக்காரன் என்ன ஆனான் என்று கேட்பதற்கு முன்னாலேயே நம்பர் பிளேட்டைப் பார்த்து நாலு நம்பர் லாட்டரி எழுதப் போகிற ஆட்கள் நமக்குத் தெரிந்தவர்களே. 0000-இலிருந்து 9999 வரை பத்தாயிரம் எண்கள். நாலு இலக்கமும் ஒரே இழுப்பில் விழவேண்டும் என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. விதியைக் கொஞ்சம் மாற்றுவோம்: சரியான இலக்கம் விழுந்த இடத்தை அப்படியே நிறுத்திவிட்டு மற்ற இடங்களை மட்டும் மறுபடி இழுக்கலாம். எத்தனை இழுப்பில் முடியும் தெரியுமா? சராசரியாக இருபது. நம்பாமல் நானும் பேத்தியும் பால் டின்னில் துண்டுச் சீட்டுகளைப் போட்டு ஒரு சாயங்காலம் முழுக்க எடுத்துப் பார்த்தோம். ஒரு தடவை 13-இல் முடிந்தது, ஒரு தடவை 31 வரை இழுத்தது. பத்தாயிரம் எங்கே, இருபது எங்கே.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அந்தப் பேச்சாளர் உடனே பிடித்துவிடுவார். "சரியான இலக்கம் எது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறதே, அந்த அறிவை உள்ளே நுழைத்தது நீங்கள்தானே?" என்பார். நியாயமான அடி, வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். இயற்கையில் முதல் பரிசு எண் என்று எதுவும் முன்பே எழுதிவைக்கப்படவில்லை. நான் காட்ட நினைத்தது ஒன்றுதான்: பாதி சரியானதைக் கையில் பிடித்துவைக்க வழி இருந்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும். பாதி சரியானதற்கு இயற்கையில் ஏதாவது மதிப்பு உண்டா என்பது அடுத்த கேள்வி, முக்கியமான கேள்வியும் அதுதான். அது காகிதத்தில் தீராது, போய்ப் பார்த்தால்தான் தீரும். மண்டபத்துக் கணக்கு அந்தப் ‘போய்ப் பார்க்கிற’ வேலையை அப்படியே தாண்டிக் குதித்துவிட்டது.

அப்புறம், அந்த 195 அடுக்கில் ஒரே ஒரு வரிசைதான் வேலை செய்யும் என்று யார் சொன்னது? விபத்து நடந்த பிறகு நம்பரை வட்டம் போட்டு ‘ஆகா, பத்தாயிரத்தில் ஒன்று!’ என்று வியக்கக்கூடாது, அந்த நம்பரில் தனித்துத் தெரிகிற ஓர் ஒழுங்கு இருக்கவேண்டும் என்று டெம்ப்ஸ்கியே சொல்லியிருக்கிறார், கெட்டிக்காரர்தான். ஆனால் ‘வேலை செய்கிற புரதம்’ என்ற ஒழுங்குக்குள் எத்தனை வரிசைகள் அடங்கும் என்று எண்ணாமல் நிகழ்தகவு போட முடியாதே. எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2001-இல் அந்தோணி கீஃப், ஜாக் சோஸ்டாக் என்ற இருவர், 80 அமினோ அமிலம் நீளத்தில், எந்தத் திட்டமும் இல்லாமல் கலந்தடித்த ஆறு லட்சம் கோடி புரதங்களைச் செய்து, அதில் ஏ.டி.பி. என்ற மூலக்கூறைப் பிடித்துக்கொள்வது எது என்று வடிகட்டிப் பார்த்தார்கள். நான்கு தனித்தனிக் குடும்பங்கள் கிடைத்தன. அவர்கள் மதிப்பீட்டில் 10-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று. வடிவமைப்புப் பக்கத்தில் டக்ளஸ் ஆக்ஸ் என்பவர் 2004-இல் வேறு ஒரு நொதியை வைத்து 10-இன் 77-ஆம் அடுக்கில் ஒன்று என்று சொன்னார். இரண்டும் ஒரே கேள்விக்கு விடை இல்லை. ஆக்ஸ் பார்த்தது ஒரு குறிப்பிட்ட நொதி தன் மடிப்போடு நிற்பதை, மற்றவர்கள் பார்த்தது ஒரு சின்ன வேலை, சும்மா ஒட்டிக்கொள்வது. ஆனால் தொடக்கத்தில் தேவைப்படுவது சின்ன வேலைதான், முழு இயந்திரம் இல்லை.

‘இலவசச் சாப்பாடு இல்லை’ என்ற தேற்றத்தையும் பேச்சாளர் எடுத்திருப்பார், டெம்ப்ஸ்கி 2002-இல் அதை வைத்தே ஒரு புத்தகம் எழுதியவர். 1997-இல் வோல்பர்ட், மக்ரெடி இருவர் நிரூபித்த நல்ல தேற்றம்: சாத்தியமான எல்லா நிலப்பரப்புகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், எந்தத் தேடல் முறையும் கண்ணை மூடிக்கொண்டு தேடுவதைவிடச் சிறந்தது இல்லை. உண்மை. ஆனால் இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியலில் நாம் தோட்டத்தில் காளான் தேடப் போவோமே, அப்போது எப்படித் தேடுவோம்? புற்று இருக்கிற பக்கம் போவோம், ஒரு காளான் கண்ணில் பட்டால் அதைச் சுற்றியே குனிந்து பார்ப்போம். காளான் எல்லா இடத்திலும் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால் இந்தப் புத்தி ஒன்றுக்கும் உதவாது, தேற்றம் சொல்வது அந்தத் தோட்டத்தைப் பற்றி. நம் தோட்டத்தில் காளான் கூட்டமாக முளைக்கிறது. புரதங்களும் அப்படித்தான், ஓர் எழுத்து மாறிய புரதம் பெரும்பாலும் பழைய வேலையையே கொஞ்சம் கூடக் குறையச் செய்கிறது. தேற்றத்தைக் கண்டுபிடித்த வோல்பர்ட்டே டெம்ப்ஸ்கி அதைப் பயன்படுத்திய விதம் கொழகொழவென்று இருக்கிறது என்ற தொனியில் கடுமையாக எழுதினார்.

கணக்கு போதும். பீஹியின் வாதத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் சுவாரசியம். எலிப்பொறியை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் அவர். பலகை, ஸ்பிரிங், கம்பி, கொக்கி, எதை எடுத்தாலும் எலி விழாது. அரை எலிப்பொறி அரை எலியைப் பிடிப்பதில்லை. ஆகவே எல்லாப் பாகமும் ஒரே நேரத்தில் வந்திருக்கவேண்டும், படிப்படியாக வந்திருக்க முடியாது. இதற்குக் ‘குறைக்கவியலாச் சிக்கல்’ என்று பெயர்.

கேட்க ரொம்பப் பலமாக இருக்கும். இதற்கு நான் புத்தகத்திலிருந்து பதில் சொல்லவில்லை, செம்பனைத் தோட்டத்திலிருந்து சொல்கிறேன். என் சின்னம்மா 1970-களில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் பூ வேலை பார்த்தவர். பூ வேலை என்றால் கோயிலுக்கு மாலை கட்டுவதில்லை. ஆண் பூவின் மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து, அழுத்தினால் புஸ்ஸென்று அடிக்கிற புட்டியில் நிரப்பிக்கொண்டு, மரம் மரமாகப் போய், முள்ளு மட்டைகளுக்கு நடுவில் கையை விட்டு, விரிந்த பெண் பூவாகப் பார்த்துத் தூவவேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முகமெல்லாம் மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கும், கையில் கீறல் இல்லாத நாளே கிடையாது. ஏன் இந்தப் பாடு? செம்பனை ஆப்பிரிக்க மரம். அங்கே அதற்கு மகரந்தம் சுமக்கிற சின்ன வண்டு ஒன்று உண்டு. மரத்தை மட்டும் இங்கே கொண்டுவந்து 1917-இல் கோலசிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் பெரிய அளவில் நட்டார்கள், வண்டை யாரும் கொண்டுவரவில்லை. காற்றுதான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அறுபது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுக்குப் போய்ப் பார்த்து, வேலை செய்வது வண்டு என்று காட்டிய பிறகு, 1981-இல் ஜொகூர் குளுவாங் பக்கம் முதலில் அதை விட்டார்கள். காய்ப்பிடிப்பு ஏறியது. சின்னம்மாவின் புட்டி வேலை போனது, அவரை உரம் போட அனுப்பிவிட்டார்கள்.

இப்போது எலிப்பொறிக் கேள்வியைக் கேளுங்கள். வண்டு இல்லாமல் செம்பனை காய்க்குமா? அறுபது வருடம் காய்த்ததே! கொஞ்சம் காற்று, கொஞ்சம் இலைப்பேன் மாதிரிப் பூச்சி, கொஞ்சம் என் சின்னம்மா. சுமாராகக் காய்த்தது, ஆனால் காய்த்தது. அப்போது வண்டு ஒரு கூடுதல் வசதி. இன்றைக்கு? நாடு முழுக்க அந்த வண்டை நம்பித்தான் தோட்டம் நடக்கிறது, புட்டி தூக்குகிற கூட்டமும் இல்லை, அத்தனை ஏக்கருக்கு ஆளும் கிடைக்காது. இன்று வண்டை எடுத்தால் குலை நொண்டியாகிவிடும். ஒரே வண்டு, ஒரே மரம். முதலில் ‘இருந்தால் நல்லது’, நாற்பது வருடத்தில் ‘இல்லாவிட்டால் முடியாது’. வண்டைக் கொண்டுவந்தது மனிதன்தானே என்று பேச்சாளர் கேட்பார். ஆமாம், ஆனால் நான் காட்டுவது கொண்டுவந்தவரை இல்லை, சார்ந்திருப்பது எப்படிப் பிறக்கிறது என்பதை. பின்னால் வந்து சேர்ந்தது உதவுகிறது, அதை நம்பி மற்றவை மாறிவிடுகின்றன, அப்புறம் எதையும் கழற்ற முடிவதில்லை. பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே நாளில் பொருத்தியது போலத் தெரியும். இதை ஹெர்மன் முல்லர் என்ற மரபியலாளர் 1918-இலேயே எழுதிவிட்டார், படிப்படியாகச் சேர்ந்த பாகங்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும், பிறகு ஒன்றை எடுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று. பீஹி அதை முடியாததன் அடையாளம் என்கிறார், முல்லர் அவருக்கு எழுபத்தெட்டு வருடம் முன்பே அதைப் பரிணாமத்திடம் எதிர்பார்க்கவேண்டிய ஒன்று என்று சொல்லிவைத்தார்.

ரத்தம் உறைவதும் பீஹியின் உதாரணம்தான், அது என் பழைய வேலை. ஏ.பி.டி.டி. என்று ஒரு சோதனை உண்டு. பிளாஸ்மாவில் ஒரு கரைசலைச் சேர்த்து, கால்சியம் விட்டு, எத்தனை வினாடியில் உறைகிறது என்று பார்ப்போம், சாதாரணமாக அரை நிமிடம் போல ஆகும். ஒரு முறை டான்சில் ஆபரேஷனுக்கு வந்த பையனின் ரத்தம் இரண்டு நிமிடம் தாண்டியும் தண்ணீராகவே ஆடிக்கொண்டிருந்தது. நான் கருவியைச் சந்தேகப்பட்டு மூன்று தடவை போட்டேன். ஆபரேஷனை நிறுத்திவிட்டார்கள், அம்மா அழுதுகொண்டே நின்றார். பெரிய மருத்துவமனையில் பார்த்தால் பன்னிரண்டாம் காரணி என்ற புரதம் கிட்டத்தட்ட இல்லை. அந்தக் காரணி இல்லாதவர்களுக்கு, சோதனைக்குழாயில்தான் ரத்தம் உறையாது, உடம்பில் நன்றாகவே உறையும்! பிறகு ஆபரேஷன் நடந்தது, அளவுக்கு மீறி ஒரு சொட்டுப் போகவில்லை. திமிங்கலத்துக்கும் டால்பினுக்கும் அந்தக் காரணி கிடையாது, அவை நீந்திக்கொண்டுதான் இருக்கின்றன. இந்தப் பாகத்தை என் வாதத்தில் நான் சேர்க்கவில்லை, அதற்குப் பின்னால் வரும் பகுதியைத்தான் சொன்னேன் என்பார் பீஹி. இருக்கட்டும். பின்னால் வரும் பத்தாம் காரணியை ஏழு, ஒன்பதாம் காரணிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒரே அமைப்பு. ஒரு மரபணு இரண்டாகிப் பிரிந்து, ஒன்று பழைய வேலையைப் பார்க்க, மற்றது புது வேலைக்குப் போன கதை அதில் தெரிகிறது.

பாக்டீரியா நீந்துவதற்குச் சுழற்றுகிற வால் போன்ற கசையிழையின் மோட்டார் படம் திரையில் வந்ததாக எழுதியிருந்தீர்கள், அது வராத கூட்டமே இல்லை. சுருக்கமாக முடிக்கிறேன். சுமார் 40 புரதம் சேர்ந்த அமைப்பு. அதில் பத்து போலப் புரதங்கள், பிளேக் கிருமி நம் செல்லுக்குள் விஷப் புரதத்தைக் குத்திச் செலுத்துகிற ஊசி போன்ற அமைப்பிலும் இருக்கின்றன. ஊசியிலிருந்து மோட்டார் வந்தது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள், அது அவசரம், மோட்டார்தான் மூத்தது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் முப்பது பாகம் இல்லாத மோட்டார் வெறும் குப்பை இல்லை, வேறு வேலை செய்கிறது. எலிப்பொறி வாதம் உடைய அது போதும்.

மலேரியாவை மட்டும் சுருக்கமாக விட முடியாது, மன்னிக்கவும். பீஹி 2007-இல் எழுதிய இரண்டாவது புத்தகம் முழுக்க மலேரியாவின் முதுகில்தான் நிற்கிறது. ஜீம்சா சாயம் ஏற்றிய ஸ்லைடில் சிவப்பணுவுக்குள் அந்த ஒட்டுண்ணி எப்படி இருக்கும் தெரியுமா, ஒரு மெல்லிய நீல வளையம், அதில் ஒரு சிவப்புக் கல், அப்படியே மோதிரம். அழகாக இருக்கும், பாவி. நோய் முற்றிய ஒருவர் உடம்பில் லட்சம் கோடி வரை இருக்கும். குளோரோகுயின் மருந்தை இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு உலகம் முழுக்கக் கொடுத்தார்கள், 1950-களின் கடைசியில் தாய்லாந்து கம்போடியா எல்லையிலும் தென் அமெரிக்காவில் கொலம்பியாவிலும் மருந்துக்கு மசியாத கிருமி தலைகாட்டியது. 10-இன் 20-ஆம் அடுக்கு ஒட்டுண்ணிகளில் ஒன்றுக்குத்தான் இந்த எதிர்ப்பு வருகிறது என்று நிக்கோலஸ் வைட் என்ற மருத்துவ அறிஞர் ஒரு தோராய மதிப்பு சொல்லியிருந்தார். பீஹி அதை எடுத்துக்கொண்டு, இதற்கு இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வேண்டும், இதைப்போல இரு மடங்கு கடினமான எதுவும் 10-இன் 40-ஆம் அடுக்கில் ஒன்று, பூமியில் பிறந்த உயிர்கள் எல்லாம் சேர்ந்தும் அவ்வளவுதான், ஆகவே பரிணாமத்தின் எல்லை அங்கே முடிகிறது என்றார்.

இதில் அவருக்கு ஒரு பாதி வெற்றி உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 2014-இல் வந்த ஓர் ஆய்வில், சம்பந்தப்பட்ட புரதம் மருந்தை வெளியே தள்ளத் தொடங்கவே குறைந்தது இரண்டு மாற்றம் வேண்டும் என்று தெரிந்தது. அவர் ஆட்கள் கொண்டாடினார்கள். ஆனால் அதே ஆய்வு, மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளில் வந்து சேரலாம் என்றும் காட்டியது. ஆசியாவில் வந்த கூட்டணி வேறு, தென் அமெரிக்காவில் வந்தது வேறு. முதல் மாற்றம் பெரிய லாபமும் தராமல் பெரிய நட்டமும் தராமல் கூட்டத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கலாம், இரண்டாவது வரும்போது இரண்டும் கைகோத்துக்கொள்ளும். ஒரே இழுப்பில் இரண்டும் விழவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தவிர, வைட் சொன்ன எண் எதிர்ப்பு எத்தனை தடவை பிறந்தது என்பதில்லை, எத்தனை தடவை பிறந்து, பிழைத்து, பரவி, நம் கண்ணில் பட்டது என்பது. முளைத்த விதைக்கும் மரமாகி நின்ற விதைக்கும் உள்ள வித்தியாசம் தோட்டக்காரனுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. இன்னொரு விஷயம்: ஆப்பிரிக்காவின் மலாவி நாடு 1993-இல் குளோரோகுயினைக் கைவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மருந்துக்கு மசிகிற பழைய கிருமியே திரும்பி வந்து மேலோங்கிவிட்டது. மருந்து இல்லாத இடத்தில் அந்தக் கவசம் சுமை, சுமையைப் போட்டவன் முந்துகிறான். இயற்கைத் தேர்வை இதைவிடப் பக்கத்தில் காட்ட எனக்குத் தெரியாது.

ஓர் இடைச்செருகல். அந்தப் புத்தகத்தில் பீஹி நேர்மையாகவே ஒன்றைச் சொல்கிறார், மலேரியாவும் வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டது என்று. தன் வாதம் இழுத்துக்கொண்டு போன இடத்துக்கு அவர் போயிருக்கிறார், அதை மதிக்கிறேன். ஆனால் அந்த மோதிரம் நிறைந்த ஸ்லைடை வெள்ளை உடையோடு உட்கார்ந்து எண்ணி, குழந்தை பிழைக்காது என்று தெரிந்தும் எண்ணை எழுதி அனுப்பியவன் நான். அந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

‘இது மதமில்லை, விஞ்ஞானம்’ என்ற கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பென்சில்வேனியாவில் டோவர் என்ற சின்ன ஊர். 2004-இல் பள்ளி வாரியம் உயிரியல் வகுப்பில் இதைப் பற்றி ஓர் அறிக்கை வாசிக்கச் சொன்னது, பதினோரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள், 2005 டிசம்பர் 20-இல் நீதிபதி ஜான் ஜோன்ஸ் இது விஞ்ஞானம் இல்லை என்று தீர்ப்பளித்தார். பீஹி கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். விஞ்ஞானத்துக்கு அவர் தருகிற வரையறையில் ஜோதிடமும் அடங்குமா என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது, அடங்கும் என்று ஒப்புக்கொண்டார். எனக்குப் பிடித்தது வேறு. பள்ளியில் பரிந்துரைத்த புத்தகத்தின் பழைய கைப்பிரதிகளை வரவழைத்துப் பார்த்தார்கள். 1987-இல் படைப்புவாதத்தைப் பாடமாக வைக்கக்கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்ன பிறகு, ‘படைப்புவாதிகள்’ என்று இருந்த இடங்களில் எல்லாம் ‘வடிவமைப்பு ஆதரவாளர்கள்’ என்று மாற்றியிருக்கிறார்கள். ஓர் இடத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் அழியாமல் நடுவில் மட்டும் புதுச் சொல் ஒட்டிக்கொண்டு நின்றது. ‘படைவடிவமைப்பு ஆதரவாளர்வாதிகள்’ மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இடைநிலை உயிரினத்தின் புதைபடிவம் எங்கே என்று கேட்கிறவர்களின் புத்தகத்திலேயே இடைநிலைச் சொல்லின் புதைபடிவம்! தீர்ப்பு மட்டுமே ஒன்றை உண்மையாக்காது என்பதும் தெரியும். ஆனால் இருபது வருடமாக அந்தப் பக்கத்திலிருந்து ‘இங்கே தோண்டுங்கள், இது கிடைக்கும்’ என்று ஒரு கணிப்பும் வந்து பலித்ததை நான் பார்க்கவில்லை.

உங்கள் அப்பாவுக்கு. அவரிடம் பேசும்போது, கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவன் இருப்பான் என்று வாதிட்ட பேலியின் கடிகாரம், டெம்ப்ஸ்கியின் எண் எதுவும் வேண்டாம், குயவனை எடுத்துக்கொள்ளுங்கள். மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். சைவ சித்தாந்தம் அமெரிக்கா பிறப்பதற்கு முன்னாலேயே இந்த வாதத்தைக் கரைத்துக் குடித்துவிட்டது. அந்தக் குயவன் மண்ணுக்கும் சக்கரத்துக்கும் எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கிறவன். மழைக்கும் அவன்தான், காளானுக்கும் அவன்தான். சித்தாந்தி யாரும் சக்கரம் சுற்றுவதை விளக்க முடியாத இடத்தில் மட்டும் சிவனைத் தேடவில்லை. அறிவார்ந்த வடிவமைப்பு என்ன செய்கிறது? மழை, காளான் எல்லாம் தானாக நடக்கும், கசையிழைக்கு மட்டும் ஆள் வந்தான் என்கிறது. முதலாளியை வேலைக்காரனாக்கி, பழுது பார்க்க மட்டும் கூப்பிடுகிற கதை. ஆய்வுக்கூடம் ஒவ்வொரு தடவை ஒரு பழுதை விளங்கிக்கொள்ளும்போதும் அவருக்கு ஒரு வேலை குறையும். இதை அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், அவருக்குக் கோபம் உங்கள் மேல் வராது.

அதற்காக மறுபக்கமும் ஓடவேண்டாம். ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய்’ என்று மாணிக்கவாசகர் டார்வினுக்கு முன்பே பரிணாமம் பாடிவிட்டார் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அடுத்த வரிகளையும் பார்த்தால் பறவைக்குப் பிறகு பாம்பு, பாம்புக்குப் பிறகு கல், கல்லுக்குப் பிறகு மனிதன், அப்புறம் பேய். அது ஓர் உயிர் பல பிறப்பில் அலைந்து களைத்த அலுப்பு, இனங்கள் மாறிய வரலாறு இல்லை. அதை அதுவாகவே விட்டால்தான் அதற்கு அழகு.

வாலஸ் விஷயம் மகளுக்குப் பிடிக்கும். ஆல்பிரட் ரஸல் வாலஸ், இயற்கைத் தேர்வை டார்வினோடு சேர்ந்து கண்டுபிடித்தவர், நம் நாட்டில் நடந்து திரிந்தவர். 1854-இல் மலாக்கா, 1855-இல் சரவாக்கில் உட்கார்ந்து புதிய இனம் எப்போதும் நெருங்கிய பழைய இனத்துக்குப் பக்கத்திலேயே தோன்றுகிறது என்று எழுதினார். அதே வாலஸ் 1869-இல், மனித மூளையை மட்டும் இயற்கைத் தேர்வால் விளக்க முடியாது, மேலான ஓர் அறிவு வழிநடத்தியிருக்கவேண்டும் என்றார். டார்வினுக்கு மனசு உடைந்துவிட்டது, நம் இருவருடைய பிள்ளையையும் நீங்கள் ஒரேயடியாகக் கொன்றுவிடவில்லை என்று நம்புகிறேன் என்கிற மாதிரி கடிதம் எழுதினார். ஆகவே இந்தச் சந்தேகம் வருவது முட்டாள்தனத்தால் இல்லை, கண்டுபிடித்தவருக்கே வந்திருக்கிறது. உயிர் முதன்முதலில் எப்படித் தொடங்கியது என்பதும் இன்னும் திறந்து கிடக்கிற கேள்விதான், மகள் கேட்டால் மழுப்பாமல் அப்படியே சொல்லிவிடுங்கள். திறந்த கேள்வி என்பது வேறு, கணக்கு முடித்துவிட்டது என்பது வேறு.

பரீட்சையில் பாடத்தில் இருப்பதை எழுதட்டும், அதற்காகப் பொய் எழுதுகிறோம் என்ற உறுத்தல் வேண்டாம். அந்தப் பேச்சாளர் மறுபடி வந்தால் ஒன்றே ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: "எதைக் கண்டால் நீங்கள் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" சத்தமாகக் கேட்கவேண்டாம், மரியாதையாகவே கேட்கட்டும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டக்டரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் குலை திருட வந்த ஆள் என்று நினைப்பார்கள். குட்டை மரமாகப் பார்த்து, விரிந்த ஆண் பூவைத் தேடுங்கள், சோம்பு வாசனை அடிக்கும், மூக்கே வழி காட்டும். வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக்கொண்டு பூவை இரண்டு தட்டுத் தட்டினால் பழுப்பு நிறத்தில் எள்ளுக்குக் கால் முளைத்த மாதிரி கொட்டும். பெண் பூவும் அதே வாசனையைக் கொஞ்சமாக விடும், அதில் வண்டுக்குச் சாப்பிட ஒன்றுமில்லை, ஏமாந்துபோய் மகரந்தத்தை உதறிவிட்டுத் திரும்பும். நீளக்கை சட்டை போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், அந்த முள் குத்தினால் ஒரு வாரம் வீங்கும்.